எக்ஸ்-மென் படிக்க ஆசையா? ஒன்றாம் எண்ணைத் தேடாதீர்கள்

அட்டையில் "எக்ஸ்-மென் 1" என்று போட்ட இதழ் ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்துத்தான் நான் இந்த மார்வெல் காமிக்ஸ் தொடருக்குள் வந்தேன். மியூட்டன்ட்கள், அதாவது பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ளவர்கள், அவர்களுடைய கதை இது. 1963இல் ஒன்று வந்தது. 1991இல் இன்னொன்று. அப்புறம் 2010, 2013, 2019, 2021, 2024 என்று வரிசையாக வந்திருக்கின்றன. அத்தனையும் "ஒன்றாம் இதழ்"தான். இது எனக்குப் புரிவதற்குள் கையில் இருந்த பணம் கணிசமாகப் போனது. ஒரு வருடத்துக்கும் மேலான ஓய்வு நேரமும் போனது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கதாபாத்திரங்கள் மேல் எனக்கு இருந்த ஆசையே கரைந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. என்னைச் சுற்றி காமிக்ஸ் படிப்பவர்கள் யாரும் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் தனியாகத்தான் தடுமாறினேன். இப்போது தொடங்கப் போகிறவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திரைப்படங்களைப் பார்த்துதான் ஆசை வந்தது. வுல்வரின், ஸ்டார்ம், மேக்னீட்டோ இவர்களுடைய முழுக்கதையும் வேண்டும் என்று தோன்றியது. பழைய இதழ்கள் விற்கும் ஒருவரிடம் முதல் இதழ் கேட்டேன். 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழை எடுத்துக் காட்டினார். ஜிம் லீ வரைந்த அட்டை, பார்த்தாலே கண்ணைப் பறிக்கும். "அரிய இதழ், எங்கும் கிடைக்காது" என்று சொல்லி, நான்கு தனி அட்டைகளையும் நான்கும் சேர்ந்த மடிப்பு அட்டையையும் ஒரு கட்டாகவே என்னிடம் கொடுத்துவிட்டார். ஐந்திலும் உள்ளே இருப்பது ஒரே கதை. நான் கொடுத்த தொகைக்கு கெட்டி அட்டை போட்ட பெரிய தொகுப்பு ஒன்றையே வாங்கியிருக்கலாம்.

அந்த இதழ் அரியது இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 80 லட்சத்துக்கும் மேல் அச்சாகி விற்ற இதழ் அது. உலகிலேயே அதிகம் விற்ற ஒற்றை காமிக்ஸ் இதழ் என்று கின்னஸ் சாதனைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அந்தக் காலத்தில் பின்னாளில் விலை ஏறும் என்று நம்பி ஆளுக்கு ஐந்தாறு பிரதிகள் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிரிக்காமலே வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் அது இன்றைக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. 90களில் வந்த எந்த இதழையாவது அரியது என்று சொல்லி யாராவது விற்க வந்தால், காசை எடுக்கும் முன் அது எத்தனை பிரதி விற்றது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

பணத்தை விடுங்கள், கதையே புரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். நீலம், தங்கம் என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். மேக்னீட்டோவை ஒரு காலத்தில் தங்கள் பள்ளியை நடத்தியவர் என்பதுபோலப் பேசுகிறார்கள். யார் யாரோடு சண்டை போட்டார்கள், யார் யாரைக் காதலித்தார்கள், எதுவும் பிடிபடவில்லை. எனக்குத்தான் இதெல்லாம் ஏறாது போலிருக்கிறது என்று நினைத்து மூடிவைத்துவிட்டேன். காரணம் மிக எளிமையானது. கிறிஸ் கிளேர்மாண்ட் என்ற எழுத்தாளர் 1975இலிருந்து விடாமல் எழுதிவந்த நீண்ட கதையின் கடைசிப் பகுதி அது. அந்த "ஒன்றாம் இதழ்" வந்து, மூன்றாம் இதழோடு அவர் தொடரை விட்டே போய்விட்டார். பதினாறு வருடக் கதையின் முடிவைத்தான் தொடக்கம் என்று சொல்லி என் கையில் கொடுத்திருக்கிறார்கள். எப்படிப் புரியும்?

சரி, உண்மையான முதல் இதழுக்கே போய்விடுவோம் என்று 1963க்குப் போனேன். ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைந்தது. சைக்ளாப்ஸ், பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன், மார்வெல் கேர்ள் என்று ஐந்து மாணவர்கள், பேராசிரியர் சேவியர், எதிரே மேக்னீட்டோ. முதல் சில இதழ்கள் உற்சாகமாகவே போயின. ஆனால் நான் யாரைத் தேடி வந்தேனோ அவர்கள் யாரும் வரவில்லை. வுல்வரின் அறிமுகமானதே 1974இல், அதுவும் ஹல்க் தொடரில். ஸ்டார்ம், நைட்க்ராலர், கொலோசஸ் மூவரும் 1975இல் வந்தவர்கள். அதாவது முதல் அறுபத்தாறு இதழ்களில் அவர்களுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. அது தெரியாமல் அடுத்த இதழில் வருவார், அடுத்த இதழில் வருவார் என்று புரட்டிக்கொண்டே இருந்தேன். மாதக்கணக்கில் என் இரவுகள் அதிலேயே போயின.

அந்த 60களின் கதைகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 14ஆம் இதழில் சென்டினல் ரோபோக்கள் வருவது, கடைசிப் பகுதியில் ஓவியர் நீல் ஆடம்ஸ் வந்ததும் பக்கங்களின் அமைப்பே மாறிப்போவது, இவையெல்லாம் ரசிக்க வேண்டியவை. ஆனால் அவற்றை ரசிக்க அந்த மனிதர்கள் மேல் ஏற்கனவே ஒரு பிரியம் இருக்க வேண்டும். புதிதாக வருபவரை அங்கே உட்கார வைப்பது நியாயமில்லை. 60களின் கதைகளை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ படியுங்கள்.

இதே கட்டத்தில் இன்னொரு அடி விழுந்தது. வரிசை விடுபடக்கூடாது என்று 67 முதல் 93 வரையிலான இதழ்களை வேறொரு விற்பனையாளரிடம் கட்டாக வாங்கினேன். பார்சலைப் பிரித்துப் படித்தால், ஏற்கனவே படித்த கதைகளே திரும்ப வருகின்றன. விஷயம் இதுதான்: விற்பனை சரிந்ததால் 66ஆம் இதழோடு புதுக்கதை எழுதுவதை 1970இல் நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் கடையில் தொடர்ந்து இருக்கட்டும் என்று 67 தொடங்கி 93 வரை, 1975 வரைக்கும், பழைய கதைகளையே மறுபதிப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. விற்றவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. கேட்டதற்கு "நீங்கள் கேட்ட எண்களைத்தானே கொடுத்தேன்" என்றார். அன்று வந்த கோபம் அடங்க நாளானது. பழைய இதழ்களைக் கட்டாக வாங்குவதாக இருந்தால், உள்ளே இருப்பது புதுக்கதையா மறுபதிப்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம்தான் "முழு வாசிப்பு வரிசை" என்ற பட்டியல் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான இதழ்களை, கதைக்குள் நடக்கும் காலவரிசைப்படி யாரோ சிரத்தையாக அடுக்கி வைத்திருந்தார்கள். இனிக் கவலையில்லை என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. பட்டியலின் தொடக்கத்திலேயே வுல்வரினின் பிறப்பைச் சொல்லும் கதை இருந்தது. அது 19ஆம் நூற்றாண்டில் நடக்கிறது, அதனால் அதற்கு முதல் இடம். ஆனால் அந்தக் கதை எழுதப்பட்டு வெளியானது 2001இல். 1974இல் அறிமுகமான ஒரு கதாபாத்திரத்தின் இளமைக்காலத்தை ஏறக்குறைய 27 வருடங்கள் மறைத்து வைத்து, துளித்துளியாக மட்டும் காட்டி, வாசகர்களைத் தவிக்க விட்டிருந்தார்கள். அந்தத் தவிப்புதான் வுல்வரினின் பாதிக் கவர்ச்சியே. எனக்கு அது கிடைக்காமல் போய்விட்டது. இனி எப்போதும் கிடைக்காது. பணம் போனதைக்கூட மறந்துவிடலாம், இந்த இழப்பு மட்டும் இன்னும் மனதில் உறுத்துகிறது. கதைக்குள் எது முன்னால் நடந்தது என்று பார்த்துப் படிக்காதீர்கள். எது முன்னால் வெளியானது என்று பார்த்துப் படியுங்கள். எழுதியவர்கள் எந்த வரிசையில் ரகசியத்தை அவிழ்த்தார்களோ, அதே வரிசையில் வாங்கிக்கொள்வதுதான் வாசகருக்கு நல்லது.

அந்தப் பட்டியலோடு இன்னொரு தொல்லையும் வந்தது. இந்த இதழில் பத்துப் பக்கம், அப்புறம் அந்த இதழில் நான்கு பக்கம், திரும்பவும் இதற்கே வா என்று கதையைத் துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். கொஞ்ச நாளில் நான் கதை படிப்பதை விட்டுவிட்டு, பட்டியலில் டிக் அடிப்பதற்காகவே பக்கம் புரட்டுகிறவனாக மாறிப்போனேன். ஒருநாள் போதும் என்று எல்லாவற்றையும் மூட்டைகட்டி அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டேன். சில மாதங்கள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

திரும்பி வரவைத்தது ஒரு சின்ன கவனிப்புதான். வாங்கிவைத்த இதழ்களை ஒதுக்கும்போது முதல் பக்கங்களில் இருந்த பெயர்களைப் பார்த்தேன். எழுதியவர், வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், எழுத்து பொறித்தவர், ஆசிரியர் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். நான் அதுவரை அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பிடித்த காட்சிகள் எல்லாம் குறிப்பிட்ட இரண்டு மூன்று பேருடைய பெயர்களுக்குக் கீழேதான் இருந்தன. அப்போதுதான் விஷயம் உறைத்தது. அறுபது வருடமாக வரும் தொடர் என்றால் அறுபது வருடமாக ஓடும் ஒரே கதை என்று அர்த்தமில்லை. ஒரு எழுத்தாளர் வருகிறார், சில வருடங்கள் தன் கதையைச் சொல்கிறார், முடித்துவிட்டுப் போகிறார். அடுத்தவர் வந்து புதிதாகத் தொடங்குகிறார். அட்டையில் இருக்கும் பெயர் மட்டும் மாறுவதில்லை. ஆகவே எந்த எண்ணிலிருந்து படிப்பது என்ற கேள்வியையே விட்டுவிட்டு, யாருடைய கதையைப் படிப்பது என்று கேட்க வேண்டும். அவர் எந்த எண்ணில் நுழைந்தாரோ அதுதான் உங்கள் முதல் இதழ். அவர் விடைபெற்ற இடம்தான் உங்கள் கடைசி இதழ்.

எக்ஸ்-மென்னில் அப்படிப்பட்ட முதல் வாசல் 1975இல் வந்த ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் சிறப்பிதழ். லென் வீன் எழுதி, டேவ் காக்ரம் வரைந்தது. பழைய அணி க்ரகோவா என்ற தீவில் மாட்டிக்கொள்கிறது. அவர்களை மீட்க பேராசிரியர் சேவியர் நாடு நாடாகப் போய்ப் புது ஆட்களைச் சேர்க்கிறார். ஜெர்மனியில் நைட்க்ராலர், கென்யாவில் ஸ்டார்ம், சைபீரியாவில் கொலோசஸ், கனடாவிலிருந்து வுல்வரின். இவர்களுக்கே ஒருவரை ஒருவர் தெரியாது என்பதால், நமக்கும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் அறிமுகமாகும்போது நாமும் கூடவே அறிமுகமாகிறோம். அங்கிருந்து 1963இல் தொடங்கிய தொடரின் 94ஆம் இதழுக்குப் போனால் கிளேர்மாண்ட் பொறுப்பேற்கிறார். 95ஆம் இதழிலேயே புதிதாக வந்தவர்களில் ஒருவர் இறந்துபோகிறார். யாருக்கும் உயிருக்கு உத்தரவாதமில்லை என்பது அப்போதே மனதில் பதிந்துவிடுகிறது. அன்று இரவு நான் தூங்கப்போக மிக நேரமானது. அலமாரியில் கட்டிப்போட்ட ஆசை முழுசாகத் திரும்பி வந்தது.

இது என் தனிப்பட்ட கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மார்வெல் நிறுவனமே 1986இல் பழைய கதைகளைப் புது வாசகர்களுக்காக கிளாசிக் எக்ஸ்-மென் என்ற பெயரில் மறுபதிப்பு செய்யத் தொடங்கியபோது, 1963ஐத் தொடவில்லை. இந்த 1975ஆம் ஆண்டுக் கதையிலிருந்துதான் தொடங்கியது. பதிப்பாளரே புதியவர்களை எங்கிருந்து கூட்டிப்போகிறார் என்று பார்ப்பது நல்ல வழிகாட்டி.

கிளேர்மாண்ட் காலத்தைப் படிக்கும்போது ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். எழுத்து அதிகம். ஒவ்வொரு இதழிலும் ஒவ்வொருவரும் தங்கள் சக்தியை வாய்விட்டு விளக்குவார்கள். கொலோசஸ் உடலை எஃகாக்குகிறார் என்பதை நூறாவது தடவையாகவும் சொல்வார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் யோசித்தால் நியாயம் புரிந்தது. இந்தக் கதைகள் தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்றும், பிறகு மாதத்துக்கு ஒன்றுமாக வந்தவை. ஒவ்வொரு இதழும் யாரோ ஒருவருடைய கையில் முதல் இதழாக விழும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டவை. தொகுப்பாக ஒரே மூச்சில் பத்து இதழ் படித்தால் திகட்டத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ போதும். நான் அப்படி மாற்றிக்கொண்ட பிறகு, அதே விளக்கங்கள் கண்ணில் உறுத்தாமல் கடந்துபோயின.

108ஆம் இதழில் ஜான் பைர்ன் வரைய வருகிறார். 143 வரைக்கும் அவர் இருந்த காலம்தான் இந்தத் தொடரின் உச்சம் என்பது என் கருத்து. 94இலிருந்து தொடங்கப் பொறுமையில்லாதவர்களுக்கு 129ஆம் இதழ் நல்ல மாற்று வழி. கிட்டி பிரைட் என்ற பதின்மூன்று வயதுப் பெண் அதில் அறிமுகமாகிறாள். இந்த உலகத்தை அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள், அவள் கண்ணால் நாமும் பார்க்கிறோம். அதே இதழில்தான் டார்க் ஃபீனிக்ஸ் கதை வேகமெடுக்கிறது. ஆனால் 101ஆம் இதழில் ஜீன் கிரே, அதாவது பழைய மார்வெல் கேர்ள், பேராற்றல் கொண்ட ஃபீனிக்ஸாக மாறுவதிலிருந்து அவளோடு நடந்து வந்தவர்களுக்கு 137ஆம் இதழ் கொடுக்கும் வலியே வேறு. முடிந்தால் 94இலிருந்தே வாருங்கள் என்பேன்.

அந்த 137ஆம் இதழ் 1980இல் வந்தது. ஜீன் இறந்துபோகிறாள். முதலில் எழுதிய முடிவில் அவள் சக்தியை மட்டும் இழந்து உயிரோடு இருப்பதாகத்தான் இருந்தது. கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்ந்த ஒரு உலகத்தையே அழித்தவள் அப்படித் தப்பிக்கக்கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் சொன்னதால் முடிவை மாற்றினார்கள். பழைய முடிவு 1984இல் தனி இதழாக வந்தது. இரண்டையும் படித்தேன். மாற்றியதுதான் சரி. கடைசிப் பக்கத்தில் அவளைக் காதலித்த சைக்ளாப்ஸின் நிலையைப் பார்த்துவிட்டு நான் அடுத்த இதழை எடுக்கவே பல நாட்கள் ஆயின.

இங்கேதான் பலரும் தடுக்கி விழும் இடம். இறந்த ஜீன் 1986இல் திரும்பி வருகிறாள். எந்தத் தொடரில் என்கிறீர்கள்? ஃபென்டாஸ்டிக் ஃபோர் தொடரின் 286ஆம் இதழில். எக்ஸ்-மென்னை மட்டும் ஒழுங்காகப் படித்துவந்தவருக்கு அது கண்ணிலேயே படாது. அதே வருடம் மியூட்டன்ட் மசக்கர் என்ற கதை எக்ஸ்-மென், எக்ஸ்-ஃபேக்டர், நியூ மியூட்டன்ட்ஸ், தார், பவர் பேக் என்று ஐந்து தொடர்களில் பரவியது. 80களின் பிற்பகுதியிலிருந்து கதை இப்படிக் கிளைவிட்டுக்கொண்டே போகும். எல்லாக் கிளையிலும் ஏற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் இப்போது பின்பற்றும் முறை இதுதான்: நான் படிக்கும் எழுத்தாளரின் இதழ்களை மட்டும் படிப்பேன். வேறு தொடரில் நடந்தது தெரியாமல் கதை நின்றால், அந்த நிகழ்வுக்கென்று தனியாக வந்த தொகுப்பைத் தேடுவேன். நிற்காவிட்டால் விட்டுவிடுவேன். கட்டத்தின் ஓரத்தில் "இந்த எண் இதழைப் பார்க்கவும்" என்று ஆசிரியர் குறிப்பு போடுவார்கள் அல்லவா, பத்தில் ஒன்பது முறை பார்க்காமலே கதை ஓடிவிடும். கிளேர்மாண்ட் காலம் முழுவதையும் முடித்தே தீர வேண்டும் என்றும் இல்லை. பைர்ன் விடைபெறும் 143இல் நிறுத்திக்கொள்ளலாம். 150ஆம் இதழில் மேக்னீட்டோவின் கடந்தகாலம் திறந்துகொள்ளும் இடம் அருமையானது, அதுவரையாவது வந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன். 175 வரை வந்தால் இன்னும் நிறைவு.

பழைய பாணி ஓவியம் ஒத்துவராதவர்களுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் க்வைட்லியும் 2001இல் நியூ எக்ஸ்-மென் என்று தொடங்கினார்கள். அது தொடங்குவது 114ஆம் எண்ணில். ஆமாம், நூற்றுப் பதினான்கு. 1991இல் ஆரம்பித்த அதே தொடரின் பெயரை மாற்றி எண்ணைத் தொடர்ந்தார்கள். 1991இன் ஒன்றாம் இதழ் ஒரு முடிவாகவும், 114ஆம் இதழ் ஒரு தொடக்கமாகவும் இருக்கிறது என்றால் எண்ணை நம்பி என்ன செய்வது? மாரிசனின் கதை 154இல் முழுமையாக முடிகிறது. அதைப் படித்த கையோடு, 2004இல் தொடங்கிய அஸ்டானிஷிங் எக்ஸ்-மென் தொடரில் ஜாஸ் வீடன் எழுதி ஜான் கசாடே வரைந்த 24 இதழ்களுக்குப் போகலாம். அதற்கு ஒரு இறுதிச் சிறப்பிதழும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள், கதை முடிவது அதில்தான். இதை முதல் புத்தகமாகப் பலர் பரிந்துரைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மாரிசனுக்குப் பிறகு படித்தால்தான் சைக்ளாப்ஸும் எம்மா ஃபிராஸ்ட்டும் ஏன் ஒன்றாக இருக்கிறார்கள் என்பதற்கு உயிர் இருக்கும்.

2019இல் ஜோனதன் ஹிக்மன் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார். ஹவுஸ் ஆஃப் எக்ஸ், பவர்ஸ் ஆஃப் எக்ஸ் என்று ஆறு ஆறு இதழ்களாக இரண்டு குறுந்தொடர்கள், மாறி மாறிப் படிக்க வேண்டும். ஒரே தொகுப்பாகச் சரியான வரிசையிலேயே கிடைக்கிறது. அதில் மியூட்டன்ட்கள் தங்களுக்கென்று ஒரு நாடு அமைக்கும் தீவு எது தெரியுமா? 1975இன் அதே க்ரகோவா. பழைய கதையைப் படித்திருந்ததால் அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு இதழ்களுக்குப் பிறகு கதை ஒரே நேரத்தில் ஆறு தொடர்களாகப் பிரிகிறது. பன்னிரண்டோடு ஒரு தடவை நின்று, எந்தத் தொடர் உங்களுக்கு வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு நகருங்கள். அல்டிமேட் என்ற சொல் சேர்ந்த எக்ஸ்-மென் புத்தகங்கள் வேறு உலகத்தில் நடப்பவை. பெயர்கள் அதே, வரலாறு வேறு. தனியாகப் படிக்கலாம், மற்றவற்றோடு கலந்து படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன், என் பணம் அதிகம் போனது இங்கேதான். ஒரே பெயரில் பல புத்தகங்கள் இருக்கும். இன்ஃபெர்னோ என்று 1988-89இல் ஒரு பெரிய கதை வந்தது, 2021இல் ஹிக்மன் எழுதிய வேறு கதையும் அதே பெயரில் வந்தது. நான் கேட்டது பழையது, அனுப்பி வைத்தது புதியது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து புத்தகத்தின் பெயரை மட்டும் வைத்து வாங்குவதில்லை. எழுதியவர் பெயர், முதலில் வெளியான வருடம், உள்ளே எந்த எண் முதல் எந்த எண் வரை இருக்கிறது, இந்த மூன்றும் ஒத்துப்போனால்தான் காசு. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பின்னட்டையிலோ உள்பக்கத்தின் பொடி எழுத்திலோ இருக்கும்.

எபிக் கலெக்ஷன் என்ற வண்ணப் பேப்பர்பேக் வரிசை புதியவர்களுக்கு வசதியானது, ஆனால் அதன் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த எண் தொடரின் காலவரிசையைக் குறிக்கிறது, புத்தகங்கள் வெளியாவது அந்த வரிசையில் இல்லை. 1975இன் கதை தொடங்கும் தொகுப்பின் பெயர் செகண்ட் ஜெனிசிஸ், அதன் முதுகில் 5 என்று இருக்கும். முந்தைய நான்கைத் தேடி அலைய வேண்டாம், அந்த ஐந்தில் தொடங்கினால் போதும். ஆம்னிபஸ் எனப்படும் கனத்த தொகுப்புகள் பார்க்க அழகு, ஆனால் கையில் பிடித்துப் படிப்பது சிரமம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். தீர்ந்துபோனதை மூன்று மடங்கு விலைக்கு விற்க ஆட்கள் காத்திருப்பார்கள். அவசரப்பட வேண்டாம், இவ்வளவு புகழ்பெற்ற கதைகளுக்கு மறுபதிப்பு வருவது வழக்கம். மார்வெல் அன்லிமிடெட் போன்ற, இணையத்தில் படிக்கும் சந்தா சேவையில் ஒரு மாதம் மட்டும் சேர்ந்து, மேலே சொன்ன வாசல்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இதழ் படித்துப் பார்த்துவிட்டு, மனதுக்குப் பிடித்ததை மட்டும் அச்சில் வாங்குவதுதான் இருப்பதிலேயே சிக்கனமான வழி. இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து அட்டைக் கட்டு என் வீட்டுக்கு வந்திருக்காது.

மற்ற நாயகர்களுக்கும் இதே கணக்குதான். டேர்டெவிலில் ஃபிராங்க் மில்லர் எழுதத் தொடங்குவது 168ஆம் இதழில். தாரில் வால்ட்டர் சைமன்சன் நுழைவது 337இல். அந்த அட்டையில் பீட்டா ரே பில் என்ற புதியவன் தொடரின் பெயர்ப்பலகையையே சுத்தியலால் அடித்து உடைக்கிறான். பேட்மேனின் முதல் வருடத்தைச் சொல்லும் புகழ்பெற்ற கதை 1987இல் 404 முதல் 407 வரை நான்கே இதழ்களில் வந்தது. இவற்றில் எதற்கும் முந்தைய நூற்றுக்கணக்கான இதழ்களைப் படித்திருக்கத் தேவையில்லை.

இவ்வளவு படித்தும் எங்கே தொடங்குவது என்று இன்னும் தயக்கமாக இருக்கிறதா? அப்படியானால் காட் லவ்ஸ், மேன் கில்ஸ் என்ற ஒற்றைப் புத்தகத்தை எடுங்கள். கிளேர்மாண்ட் எழுதி பிரென்ட் ஆண்டர்சன் வரைந்து 1982இல் வந்தது. மியூட்டன்ட்களை ஒழிப்பதே கடவுளின் கட்டளை என்று பிரசாரம் செய்யும் ஒரு மதபோதகரை அவர்கள் எதிர்கொள்ளும் கதை. இரண்டாவது எக்ஸ்-மென் திரைப்படத்துக்கு ஆதாரமாக இருந்தது இதுதான். முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், ஒரே மாலையில் முடித்துவிடலாம், எண் எதையும் துரத்த வேண்டாம். கிட்டியும் மேக்னீட்டோவும் அதில் உங்களைப் பிடித்துக்கொண்டால் அடுத்து செகண்ட் ஜெனிசிஸ் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் ஒரு புத்தகத்தின் விலையோடு போகும்.